தொட்டி மாற்ற எது நல்ல நாள்?

தீபாவளிக்கு முந்தைய சிவகாசியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். தீபாவளி முடிந்த சிவகாசி வேறு ஊர். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்க மருந்து செலுத்திய கையும் திரி சொருகிய கையும் சில வாரங்கள் வீட்டோடு இருக்கும். மழை விட்டு விட்டுப் பெய்யும். பரணை ஒழிப்பது, பீரோவுக்குப் பெயிண்ட் அடிப்பது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவது என்று தள்ளிப் போட்ட வேலையெல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கும். செடிக்குத் தொட்டி மாற்றுவதும் அதில் ஒன்று என்பது திருத்தங்கல் பக்கம் நர்சரி வைத்திருக்கும் அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"ஐப்பசி கடைசியில ஆரம்பிச்சு மார்கழி பிறக்குற வரைக்கும் எனக்கு இதே சோலிதான். ஒரு நாள் கூட வாங்களேன், நீங்களே பாத்துக்கிடலாம்" என்றார்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு காலை விருதுநகரில் பஸ் ஏறி, ஆமத்தூர் தாண்டித் திருத்தங்கலில் இறங்கினேன். வழி நெடுக கரிசல் காடு நனைந்து கறுத்துக் கிடந்தது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது.

நர்சரி என்றால் பெரிய தோட்டமில்லை. நாலு கல்தூண், மேலே பச்சை வலை, ரோட்டோரம் கட்டிய கம்பியில் வரிசையாகத் தொங்கும் தொட்டிகள். மணி பிளான்ட்தான் அதிகம். அதோடு டர்ட்டில் வைன், சிங்கோனியம், ஊதாக் கோடு போட்ட டிரடஸ்கான்டியா, ஸ்பைடர் பிளான்ட், ஓரமாக ஒன்றிரண்டு ஹோயா. பெரும்பாலும் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வந்த சரக்கு.

அண்ணாச்சி டி.வி.எஸ். எக்ஸ்எல்லின் முன்னால் மண் சாக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். கலவையை முதலிலேயே போட்டு வைத்துவிடுகிறார். இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு தேங்காய் நார்த் தூள், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு சலித்த மணல், மேலே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். செம்மண்ணும் நார்த் தூளும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கமிருந்து வருகின்றன. மலையடிவாரத்துத் தென்னந்தோப்புகள் அங்கேதான்.

"காலடியிலேயே இவ்வளவு மண்ணு கிடக்கே, எதுக்கு அங்கயிருந்து?" என்று கேட்டேன்.

"கரிசல் பருத்திக்குத் தங்கம், தொட்டிக்கு எமன்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கரிசலில் களி அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காட்டில் அந்த வெடிப்பு நல்லது, அடுத்த மழை ஆழமாக இறங்கும். தொட்டிக்குள் அதே மண் சுருங்கும்போது சுவரை விட்டு விலகி நிற்கிறது. ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளியில் வழிந்து, நடுவிலிருக்கும் வேரைத் தொடாமல் அடி ஓட்டை வழியாக வெளியே போய்விடும். பார்க்கிறவருக்குத் தண்ணீர் ஊற்றிய திருப்தி, செடிக்குத் தாகம்.

நார்த் தூளையும் அப்படியே போடக்கூடாது. அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் இறங்குகிறது. சாயம் வெளுக்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுகிறார். எம்.சாண்ட் போட்டால் என்ன என்று கேட்டதற்கு, "அதுல இருக்கிற மாவு சிமெண்ட் மாதிரி இறுகிக்கிடும். அலசிச் சலிக்கப் பொறுமை இருந்தா போடலாம்" என்றார். கலவையில் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துக் காட்டினார். விரித்தபோது உருண்டையாக நின்றது. பெருவிரலால் லேசாகத் தட்டியதும் உதிர்ந்தது. உதிராமல் நின்றால் களி கூட, பிடிக்கும்போதே உதிர்ந்தால் மணல் கூட. இதற்கு மேல் ஒரு பரிசோதனை வேண்டாம்.

முதல் வீடு திருத்தங்கலில் ஒரு சந்துக்குள். அந்த வீட்டு அக்கா ஃபேன்சி ரகப் பட்டாசு செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறவர், இப்போது லீவு. வீட்டுக்காரர் ஆப்செட் அச்சகத்தில். அவருக்கு லீவு கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குகிற அச்சகங்களுக்கு, தீபாவளி முடிந்த பிறகுதான் உண்மையான ஓட்டம். ஒரே வீட்டில் ஒருவருக்கு ஓய்வு, ஒருவருக்கு ஓவர்டைம்.

போர்டிகோவில் ஆறு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கொக்கியில் தொங்கியது. மணி பிளான்ட். கொடி இறங்கி, ஜன்னல் கம்பியைச் சுற்றி, கதவு நிலை வரை போயிருந்தது. பார்வைக்குச் செழிப்பு.

"காலையில ஊத்துனா மத்தியானமே துவண்டு போகுது தம்பி. மழைக்காலத்துலயே இப்படின்னா சித்திரையில என்ன ஆகும்? தொட்டி பத்தலைன்னுதான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்" என்றார் அக்கா.

அண்ணாச்சி உடனே தலையாட்டவில்லை. முதலில் தொட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி மேலே ஊற்றினார். ஊற்றி முடிப்பதற்குள் அடியில் கொட்டியது. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார், முதல் கணு வரைதான் போனது. தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடியைக் காட்டினார். நாலு ஓட்டையிலும் வேர் எட்டிப் பார்த்தது. ஓர் ஓட்டையில் வேர் தடித்து அடைத்தே விட்டிருந்தது.

"இப்பச் சொல்லலாம், மாத்தணும்னு. இலை மஞ்சளாச்சுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். அடியில ஒண்ணு ரெண்டு இலை பழுக்கிறது கெழடு தட்டுறது. தண்ணி நிக்குதா நிக்கலையான்னுதான் பாக்கணும்."

நானும் ஒரு சந்தேகம் கேட்டேன். புது இலை சின்னதாக வருவதும் அடையாளம் என்கிறார்களே? அது பாதிதான் சரி. மணி பிளான்ட் ஏறினால் இலை பெருக்கும், தொங்கினால் சிறுக்கும். பசிபிக் கடலில் தாகித்திக்குப் பக்கத்திலிருக்கும் மோரியா தீவுதான் இதன் சொந்த ஊர். அங்கே காட்டு மரங்களில் தொற்றி ஏறும்போது இலை முறத்துக்கு மேல் அகலமாக வளரும். நம் வீட்டுக் கொக்கியில் தொங்குகிறபோது உள்ளங்கையளவு வந்தாலே பெரிது. ஆகவே தொங்குகிற கொடியின் நுனி இலையைக் கம்பத்தில் ஏறுகிற கொடியோடு ஒப்பிட்டு, தொட்டி பத்தவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதே தொட்டியில், அதே கொடியில், போன வருஷ இலையைவிட இந்த வருஷ இலை பாதியாகியிருந்தால் யோசிக்கலாம்.

வேலையைத் தொடங்கப் போகும்போது அக்கா ஒரு தடை போட்டார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னிக்குக் கீழ்நோக்கு நாள்" என்றார்.

தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பகுதி அச்சாகிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு என்று வைத்திருக்கிறார்கள். ரோகிணி, பூசம், திருவோணம் போன்றவை மேல்நோக்கு. பரணி, மகம், மூலம் போன்றவை கீழ்நோக்கு. மரம் நட, மாடி கட்ட மேல்நோக்கு. கிணறு வெட்ட, கிழங்கு ஊன்றக் கீழ்நோக்கு.

"மதினி, இது தொங்குற கொடிதான? கீழ நோக்கித்தான போகுது. அப்ப இன்னிக்கே நல்ல நாளு" என்றார் அண்ணாச்சி.

அக்கா சிரித்துவிட்டார். வழக்கு அங்கேயே தள்ளுபடி.

தொட்டியைக் கவிழ்க்கும் முன்பே ஒரு வேலை நடந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைக்கும்படி போனில் சொல்லியிருந்தார். நனைந்த வேர் வளையும், காய்ந்த வேர் ஒடியும். கொடியை ஜன்னல் கம்பியிலிருந்து இழுக்காமல், ஒரு ஆள் பிடிக்க ஒரு ஆள் பிரிக்க, பழைய பேப்பரில் சுருள் சுருளாகப் படுக்க வைத்தார்கள். அந்த வேலைதான் அதிக நேரம் எடுத்தது. கம்பியில் ஒட்டியிருந்த காற்று வேர்களை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒட்டிப் பிடித்த இடத்தில் கத்தரியைப் போட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு இடது கையை விரித்து, தண்டுகள் விரலிடுக்கில் வரும்படி மண்மேல் வைத்துத் தொட்டியைத் தலைகீழாக்கினார். விளிம்பைத் திண்ணை முனையில் இரண்டு தட்டு. வரவில்லை. பக்கங்களை அமுக்கிப் பிசைந்தார். அப்படியும் வரவில்லை. அடி ஓட்டையில் அடைத்திருந்த தடித்த வேரைக் கத்தரித்த பிறகு, மொத்தமும் ஒரே கட்டியாக வழுக்கி வந்தது. பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி வேர் மட்டும்தான், மண்ணைத் தேட வேண்டியிருந்தது. தொட்டியின் சுவரை ஒட்டி வேர்கள் சுற்றிச் சுற்றி வட்டமடித்திருந்தன. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் வரை ஏன் தாங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பிடித்து வைக்க உள்ளே மண் இருந்தால்தானே.

கட்டியின் நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அண்ணாச்சி குச்சியால் நோண்டி எடுத்தார். எலுமிச்சை அளவில் ஒரு பிளாஸ்டிக் வலைக் கூடை. கன்று வளர்க்கும்போது போட்டது. அதை நீக்காமலே பெரிய தொட்டியில் வைத்து விற்கிறார்கள். தண்டு பெருக்கப் பெருக்க வலை அதன் கழுத்தைப் பிடிக்கும். கத்தரியால் நாலு இடத்தில் நறுக்கி உருவினார். "கடையில வாங்குற எந்தத் தொங்கு செடிக்கும் முதல் தடவை மாத்துறப்ப நடுவுல தடவிப் பாத்துரணும்" என்றார். எத்தனை வீட்டுத் தொட்டிக்குள் இந்த வலை இன்னும் கிடக்கிறதோ!

வேரை எப்படிப் படிப்பது என்றும் காட்டினார். வெள்ளையாக, கிள்ளினால் மொறுமொறுவென்று ஒடிவது உயிர் வேர். பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நார் மட்டும் கையில் வருவது செத்தது. மோந்து பார்த்தால் சாக்கடை வாடை அடித்தால் அழுகல். இந்தச் செடியில் அழுகல் இல்லை. அடியில் சுருண்டு கிடந்த வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார். பக்கவாட்டில் விரலால் கோதிவிட்டார். சுற்றியே பழகிய வேரை அப்படியே வைத்தால் புது மண்ணிலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அக்கா இதற்குள் இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒரேயடியாகப் பெரிதாக வைத்துவிட்டால் நாலைந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்பது அவர் கணக்கு. தொட்டி மாற்றுவதில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வேர் எட்டாத மண்ணில் தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. அது நாள்கணக்கில் ஈரமாகவே நிற்கும், புளிக்கும், காற்றுப் போகாது, வேர் அழுகும். பழைய தொட்டி ஆறு அங்குலம் என்றால் புதியது எட்டு அங்குலம் போதும். தொங்குகிற தொட்டிக்கு எடையும் ஒரு கணக்கு. ஈர மண்ணோடு இருபது லிட்டர் வாளியைப் போர்டிகோ கொக்கி தாங்காது.

அடியில் போட அக்கா உடைந்த ஓட்டுச்சில்லுகளை ஒரு தட்டு நிறைய எடுத்து வந்தார். அண்ணாச்சி ஒரே ஒரு சில்லை எடுத்து ஓட்டை மேல் கவிழ்த்தார், மண் கொட்டாமலிருக்க. மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பொடி மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் தண்ணீர் கீழேயுள்ள கல் அடுக்குக்குள் இறங்கும். ஈரம் தேங்கும் பகுதி கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மண்ணுக்கான இடமும் குறையும்.

புது மண்ணை அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டு, செடியைப் பழைய ஆழத்திலேயே நிறுத்தி, பக்கங்களில் சரித்து, தொட்டியைத் தரையில் தட்டித் தட்டி இறக்கினார். அமுக்கவில்லை. விளிம்புக்கு ஓர் அங்குலம் குறைத்து நிறுத்தினார், தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே.

அதன் பிறகு செய்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. நீளமான கொடிகளில் இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாதிக்கு வெட்டினார். வெட்டியதைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, இலைக்கு ஒரு துண்டாக்கி, அதே தொட்டியின் உச்சியில் வட்டமாக ஊன்றினார். "வேரைக் கொறைச்சிருக்கோம். இலையையும் கொறைச்சாத்தான் கணக்கு நேராகும். இல்லேன்னா அத்தனை இலைக்கும் தண்ணி கொடுக்க வேருக்குத் தெம்பு இருக்காது." மேலே மொட்டையாகவும் கீழே வாலாகவும் தொங்கிய செடி இனி உச்சியிலிருந்தே அடர்ந்து வரும்.

வெட்டுவதற்கு மனசு வராதவர்களுக்கு ஒரு செய்தி. மணி பிளான்ட் தானாகப் பூப்பதில்லை என்றே சொல்லலாம். பூக்கத் தேவையான ஜிபரலின் என்ற ஊக்கியை உண்டாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-இல் கண்டறிந்தார்கள். பூ இல்லை, விதை இல்லை. உலகத்தில் வீடுகளில் வளரும் மணி பிளான்ட் எல்லாமே யாரோ எங்கேயோ வெட்டிய கணுவின் துண்டுதான். திருடி வைத்தால்தான் வளரும் என்ற நம்பிக்கைக்கும் இதுவே காரணமாயிருக்கலாம். ஒரு துண்டு போதும், செடி உண்டு. கேட்டு வாங்கி வைத்தாலும் அதே வேகத்தில்தான் வளர்கிறது.

அண்ணாச்சியின் பையிலிருந்து சிறு பொட்டலம் ஒன்று நழுவி விழுந்தது. தண்ணீரில் கரையும் உரம், 13-0-45 என்று போட்டிருந்தது. அக்கா எடுத்துப் படித்தார். "பொட்டாசியம் நைட்ரேட்டா? இது எங்க வெடியுப்பு இல்ல?"

அதேதான். 13 சதவீதம் தழைச்சத்து, 45 சதவீதம் சாம்பல் சத்து. கரிமருந்தில் தீக்கு ஆக்சிஜன் தருவதும் செடிக்குச் சத்து தருவதும் ஒரே உப்பு. இலைப் பூஞ்சைக்குத் தெளிக்கிற கந்தகத்துக்கும் இந்த ஊரில் இரண்டு வேலை உண்டு. அதற்காக ஆலைச் சரக்கில் கை வைக்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது குற்றம், ஆபத்து. ரசாயனம் வந்த டப்பாவில் செடி வைப்பதும் வேண்டாம். கடையில் விற்கிற உரத்தையும் அன்றைக்கு அண்ணாச்சி போடவில்லை. வெட்டிய வேரில் உப்பு பட்டால் எரியும். ஒரு மாதம் கழித்து, அதுவும் லிட்டருக்கு ஒரு கிராம் போல, போதும்.

பழைய தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. போர்த் தண்ணீரின் உப்பு. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டுத் தொட்டிகளில் இதைப் பார்க்கலாம். தொட்டி மாற்றிய அன்று மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதையே ஊற்றுங்கள். கார்த்திகையில் மாற்றுவதற்கு இதுவும் ஒரு வசதி. அக்கா வீட்டில் ஓர் அண்டா நிறையப் பிடித்து வைத்திருந்தார்கள். அடியில் வழியும்வரை ஊற்றி, வெயில் படாத மூலையில் பத்து நாள் வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நாலு இலை உதிர்ந்தால் பதறக் கூடாது, மறுபடி தோண்டிப் பார்க்கவே கூடாது.

அடுத்தது சிவகாசியில் ஓர் அச்சகத்தின் ஏ.சி. அறை. இங்கே வேலை சீக்கிரம் முடிந்தது. மேஜை ஓரத்தில் பீங்கான் தொட்டி, பெரியது. செடி துவண்டிருந்தது. முதலாளிக்கு மை வாடை ஒத்துக்கொள்ளாது, மணி பிளான்ட் காற்றைச் சுத்தம் செய்யும் என்று யாரோ சொல்லி வாங்கி வைத்தாராம். 1989-இல் நாசா செய்த ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கு மூலம். அது அடைத்த சிறு பெட்டிக்குள் செய்தது. ஜன்னல் வழியாகத் தானாக மாறுகிற காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-இல் வந்த மறுஆய்வு கணக்குச் சொல்கிறது. ஜன்னலைத் திறப்பது சுலபம்.

துவண்ட இலையைப் பார்த்து, "இதுக்கும் தொட்டி பத்தலையோ?" என்றார் முதலாளி. தூக்கினால் கனத்தது. கவிழ்த்ததும் மண் தனியாக, செடி தனியாக வந்தது. வேர் பழுப்பு, வாடை. தாகத்தில் துவள்வதும் மூழ்கித் துவள்வதும் இலையில் ஒரே மாதிரிதான் தெரியும். எடையில்தான் வித்தியாசம் தெரியும். அழுகிய வேரை ஒட்ட நறுக்கிவிட்டு, நாலு அங்குலத் தொட்டிக்கு மாற்றினார். ஆம், சின்னதுக்கு. தொட்டி மாற்றுவது என்றால் பெரிதாக்குவது என்று எந்தச் சட்டமும் இல்லை. வேர் எவ்வளவோ, தொட்டி அவ்வளவு.

சாயங்காலம் விருதுநகர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் பஜாரில் ஓர் எண்ணெய்க் கடை. வாசல் தூணை ஒட்டி, 15 கிலோ எண்ணெய் டின்னில் ஒரு மணி பிளான்ட் தூணின் உச்சி வரை ஏறியிருந்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மேலே ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. உள்ளே சுத்தக் கரிசல், கல்லாக இறுகியிருந்தது. டின் துருப்பிடித்து ஒரு பக்கம் பிளந்திருந்தது.

கொடியைத் தூணிலிருந்து கழற்றி மாற்ற முடியாது. தூணைப் பிடித்திருக்கும் வேரெல்லாம் அறுந்துவிடும். மேல் மண்ணை நாலு விரல் ஆழத்துக்குக் கொத்துக்கரண்டியால் வழித்தெடுத்துப் புதுக் கலவை போட்டார். டின்னை உடைத்து எடுத்துவிட்டு, வேர்க்கட்டியை அப்படியே வேறொரு டின்னுக்குள் நாலு பேர் தாங்கலாக இறக்கினார்கள். புது டின்னில் ஆணியால் அடியிலும், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பக்கத்திலும் ஓட்டை போட்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டுக் கழுவியது.

கடைக்காரர் ஒரு கதை சொன்னார். போன சித்திரையில் வீட்டிலிருந்த இன்னொரு தொங்கு செடி வாடியது என்று பெரிய தொட்டிக்கு மாற்றினார்களாம். ஒரே வாரத்தில் கருகிப் போயிற்று.

கருகாமல் என்ன செய்யும்? தொட்டி மாற்றிய செடிக்கு முதல் இரண்டு வாரம் பாதி வேர்தான் வேலை செய்யும். விருதுநகர் சித்திரை, வைகாசியில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். சித்திரை 21-இலிருந்து வைகாசி 14 வரை அக்கினி நட்சத்திரம். பாதி வேரோடு அந்த வெயிலைத் தாண்டச் சொல்வது அநியாயம். வசந்த காலத்தில் மாற்று என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதைப் பார்த்து மார்ச், ஏப்ரலில் நாமும் மண்வெட்டியை எடுக்கிறோம். பனி உருகிச் செடி துளிர்க்கிற ஊருக்கு எழுதியது அது. நம் பக்கம் செடி துளிர்ப்பது மழைக்குத்தான். ஆடியில் மாற்றலாமா என்றால், அம்மியைப் பறக்கவிடும் அந்தக் காற்று புதுச் செடியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மறைவான இடம் இருந்தால் சரி. புரட்டாசி மழை விழுந்ததிலிருந்து கார்த்திகை முடியும்வரை, வடகிழக்குப் பருவமழை நமக்குத் தருகிற இந்தப் பத்துப் பன்னிரண்டு வாரம்தான் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் சரியான காலம். காலண்டரில் எந்த நோக்கு நாளாக இருந்தாலும் பரவாயில்லை.

கோடையில் தொட்டி உடைந்தே போனால்? வேரைக் கோதாமல், வெட்டாமல், கட்டியோடு அடுத்த அளவுத் தொட்டியில் வைத்து நிழலில் விட்டுவிடுங்கள். தாகமாகத் தெரிந்தால் கொடியை மட்டும் குறையுங்கள், மண்ணைத் தொடாதீர்கள். ஹோயா வைத்திருப்பவர்கள் கோடையில் மட்டுமல்ல, எப்போதுமே அவசரப்பட வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் அது நன்றாகப் பூக்கும். டர்ட்டில் வைனுக்கும் டிரடஸ்கான்டியாவுக்கும் தொட்டி மாற்றுவதைவிட, நாலு துண்டு வெட்டிப் புதுத் தொட்டியில் ஊன்றிப் பழையதை விட்டுவிடுவது லாபம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டி மாற்றும்போது வெட்டிப் போடுகிற கொடியைத் தெருவில் வீசாதீர்கள். மணி பிளான்ட் சேம்புக் குடும்பத்துச் செடி. இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. தெருவில் மேய்கிற ஆடோ வீட்டுப் பூனையோ கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும். குழந்தைக்கும் அப்படித்தான். கண்மாய்க் கரையிலும் ஓடைப் பக்கமும் கொட்டாதீர்கள். ஒரு கணு ஈரத்தில் விழுந்தாலே பிடித்துக்கொள்ளும். இலங்கையில் இது தோட்டத்தை விட்டு வெளியேறி மரங்களை மூடிப் படர்ந்து, விரட்ட வேண்டிய செடிகளின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மீந்த துண்டுகளைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு அக்கம்பக்கத்தில் கொடுங்கள். யாருக்கும் வேண்டாமென்றால் நன்றாகக் காயவைத்து, சருகான பிறகு எருக்குழியில் போடுங்கள்.